நூற்று நாற்பத்திரண்டு கயிறுகள்

முதலில் சத்தம்தான் வந்தது. "ஆ...கா!" என்று பத்துப் பதினைந்து பேர் ஒரே மூச்சில் விடும் சத்தம். தேர் நிலையை விட்டு அசையும்போது எழுமே, அது மாதிரி.

குமரையா சந்து முனையிலேயே நின்றுவிட்டான். உப்பு மூட்டைகளின் அடுக்கு மறைத்ததால் சுங்கச்சாவடிச் சுவர் இன்னும் கண்ணில் படவில்லை. அவன் வேறு சத்தத்தை எதிர்பார்த்து வந்திருந்தான். ஒரு விசும்பல். ஒரு சாபம். அதுவும் இல்லையென்றால், கூட்டம் வாயடைத்து நிற்கிற அமைதி.

"ஆகா" அல்ல.

விடியற்காலையில் அவன்தான் அந்தச் சுவரில் படத்தை ஒட்டிவிட்டுப் போனான். செம்புத் தகட்டில் கீறி, மை பூசி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுத்த படம். பதினோரு மாத வேலை. அதற்கு முன்னால், வேலையைப் படிக்கவே மூன்று வருஷம். எல்லாம் இந்த ஒரு காலைக்காக.

நாலு வருஷத்துக்கு முன் இதே கடலில், பட்டப்பகலில், பறங்கியரின் பெரிய கப்பல் ஒன்று மீன்பிடி வள்ளத்தின் மேல் ஏறிப் போனது. மூக்கில் மரச்சிங்கம் வைத்த கப்பல். ஊரில் அதற்குப் பெயரே சிங்கமூக்கு. வள்ளத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் போனார்கள். அதில் ஒருவன் குமரையாவின் தம்பி சங்கன். மிஞ்சிய ஐந்தாவது ஆள் குமரையா. கப்பல் நிற்கவில்லை. யாரும் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

நியாயம் கேட்கச் சுங்கச்சாவடிக்குப் போனான். "கடல் என்ன சின்னதாவே? ஒதுங்கிப் போயிருக்கலாம்லா?" என்றார் கணக்கர். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம் தொங்கியது. கடல் கடந்து வந்த படம். சிங்கமூக்கேதான். பாய் புடைத்து, கொடிகள் பறந்து, மேகத்துக்குள்ளிருந்து கன்னம் உப்பிய தலைகள் காற்று ஊத, கப்பல் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு திமிங்கிலம் பல்லைக் காட்டியது. மற்றபடி கடல் காலி.

"திமிங்கிலத்துக்கு இடம் இருக்கு. எங்க வள்ளத்துக்கு இல்லையா?" என்று குமரையா கத்தினான். இரண்டு பேர் அவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

அன்றைக்குத்தான் அவன் உளி பிடிக்க முடிவு செய்தது. அப்போது அவனுக்கு வயது நாற்பத்து மூன்று.

இப்போது மூட்டை அடுக்கைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

கூட்டம் சுவரை மொய்த்திருந்தது. கயிறு திரிக்கிற ஒருத்தர் படத்தில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். "பாத்தியாவே, ஒரு கயிறு விடல! முடிச்சுகூட அந்த முடிச்சேதான். எவன்வே இவன், கையில சரஸ்வதியைக் கட்டி வச்சிருக்கான்?"

"அந்தச் சிங்கத்தைப் பாரும். உறுமுது."

"பாயில காத்து நிக்குது அண்ணே. கிட்டப் போனா நம்ம மேல அடிக்கும்போல."

"கீழே தண்ணியில என்னமோ மெதக்குதே?"

"தேங்காயா இருக்கும். இவனுக சாப்பிட்டு எறிஞ்ச கூடு."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. திருவிழாவில் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் குமரையாவை எரித்தது. கெட்ட சிரிப்பாக இருந்தால் ஒரு அறை விட்டிருக்கலாம்.

கூட்டத்தின் ஓரத்தில் செங்கமலம் நின்றாள். சங்கனின் மனைவி. நேற்று ஆள் அனுப்பி அவளை வரச் சொன்னதே குமரையாதான். அவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அத்தான், இதுல அவுக எங்க?"

அவன் விரலை வைத்துக் காட்டினான். சிங்கத்தின் தாடைக்குக் கீழே, இரண்டாகப் பிளந்த வள்ளத்தின் பக்கத்தில்.

அவள் முகத்தைச் சுவருக்கு அருகே கொண்டுபோனாள். மூச்சுப் பட்டுக் காகிதத்தின் ஓரம் லேசாக ஆடியது.

"இதா?"

"ம்."

அவள் முகத்தைச் சுவரிலிருந்து விலக்கினாள். மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பினாள். எல்லாரும் பார்க்கிற இடத்தைத்தான் அவளும் பார்த்தாள். கப்பலை.

அதற்குள் சாவடிக்குள்ளிருந்து துபாசி மிக்கேல் வேகமாக வந்தான்; விடியலில் படம் ஒட்டியது குமரையா என்று காவலாள் சொல்லியிருந்தான். பறங்கிப் பேச்சைத் தமிழிலும், தமிழ்ப் பேச்சைப் பறங்கியிலும் மாற்றிச் சொல்வது அவன் பிழைப்பு. பின்னாலேயே சிங்கமூக்கை ஓட்டும் கப்பித்தான் வந்தார். படத்தின் முன் நின்றார். தொப்பியைக் கழற்றினார். ஏதோ பேசினார், கொஞ்ச நேரம்.

"துரைக்கு ரொம்ப சந்தோஷம் குமரையா," என்றான் மிக்கேல். "அவுக நாட்டுலகூட இவ்வளவு சுத்தமா யாரும் வெட்டலையாம். நூறு பிரதி வேணுமாம். ராசாவுக்கே ஒண்ணு அனுப்பப் போறாராம். அதிர்ஷ்டக்காரன்வே நீ!"

குமரையா கப்பித்தான் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

"ஒரே ஒரு திருத்தம். கீழே அந்தத் துரும்பு கிடக்குல்லா, அதை மட்டும் எடுத்துரணும். கண்ணை உறுத்துதாம்."

"துரும்பு இல்லை, மிக்கேல். அது வள்ளம்."

"சரி, வள்ளம்."

"அவர் கப்பல் கொன்ன வள்ளம். அதுல கிடக்கிறது என் தம்பி. இதை அவர்கிட்டச் சொல்லு."

மிக்கேல் கப்பித்தான் பக்கம் திரும்பி நாலைந்து வார்த்தை சொன்னான். கப்பித்தான் முகம் மலர்ந்து, குமரையாவின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"என்னவே சொன்ன?"

"அப்படியே செய்றேன்னு நீ சொன்னதாச் சொன்னேன்." மிக்கேல் குரலைத் தாழ்த்தினான். "உன் நல்லதுக்குத்தான். திங்கட்கிழமை ஆள் வரும். தகட்டைத் தயாரா வை."

*

செம்புத் தகடு கை தவறி விழுந்தால் ஒரு சத்தம். வீசி எறிந்தால் வேறு சத்தம். கொல்லையில் மைத்துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்த உலகுடையாளுக்கு இரண்டும் தெரியும். ஈரக் கையோடு எழுந்து பட்டறைக்குள் வந்தாள்.

கப்பல் தகடு நடுத்தரையில் கிடந்தது. குமரையா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

உலகுடையாள் அவனைவிட ஏழு வயது இளையவள். அவளுடைய அப்பா கோயில்களுக்குச் செப்பேடு வெட்டியவர். கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒரு பறங்கிச் சித்திரக்காரன் அவர்கள் வீட்டில் ஒன்பது வருஷம் தங்கி, தன் நாட்டு வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுச் செத்துப்போனான். இந்தக் கரை முழுக்கத் தகட்டிலிருந்து படம் எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஞானம் கேட்டும் சிலர் வருவார்கள். பெரும்பாலும் தேய்க்கிறதுக்கு ஒரு தகட்டைக் கொடுத்து உட்காரவைத்துவிடுவாள். பாதிப் பேர் மத்தியானத்துக்குள் போய்விடுவார்கள். குமரையா போகவில்லை. அவன் அவளை "அம்மா" என்பான். அவள் அவனை "அண்ணாச்சி" என்பாள்.

"எறிஞ்சா வளையும் அண்ணாச்சி," என்றாள்.

"வளையட்டும். உடையட்டும். கடல்ல கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன்."

"என்ன ஆச்சு?"

சொன்னான். ஒரே மூச்சில் சொன்னான். தேங்காய்க் கூட்டைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மிக்கேலைச் சொல்லும்போது கெட்ட வார்த்தை வந்தது. "கொலைகாரனுக்கு நான் கண்ணாடி பிடிச்சுக் காட்டுனா, அவன் அதுல மீசையை முறுக்குறாம்மா! ஊரும் கூட நின்னு கை தட்டுது. குருட்டு ஊரு. நாலு பேரு செத்துக் கிடக்கான், இவனுக கயிறை எண்ணுதானுக!"

உலகுடையாள் தகட்டை எடுத்து, புடவையில் துடைத்து, பலகை மேல் வைத்தாள்.

"எத்தனை கயிறு?"

"நூத்தி நாப்பத்திரெண்டு," என்றான் அவன், யோசிக்காமலே.

"எப்படித் தெரியும்?"

"என்னம்மா கேள்வி? அந்தக் கப்பல் இந்தத் துறைக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் கரையில உக்காந்து எண்ணியிருக்கேன். வெயில்லயும் மழையிலயும். எந்தக் கயிறு புதுசு, எது இத்துப்போச்சு, எல்லாம் தெரியும். கண்ணை மூடுனா அதுதான் தெரியும்."

"கண்ணை மூடுங்க."

"அம்மா, நான் இப்ப இருக்கிற இருப்புல..."

"மூடுங்க."

மூடினான். அவள் அவன் வலக்கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைத்தாள்.

"விரலால பாருங்க. என்ன இருக்கு?"

செம்பில் கீறிய பள்ளங்கள் விரல்நுனியில் ஓடின. குமரையாவின் மூச்சு மெல்ல அடங்கியது. "இது பாய்மரம். இது கொடி. இது மேல்பாயைப் பிடிச்சிருக்கிற கயிறு... இதுக்கு மூணு நாள் ஆச்சு. இது சிங்கத்தோட பிடரி. ஒவ்வொரு மயிரும் தனித்தனியா வெட்டுனேன்." அவன் முகத்தில் அவனுக்கே தெரியாமல் ஒரு இளக்கம் வந்திருந்தது.

"இப்ப தம்பியைத் தொடுங்க."

விரல் கீழே இறங்கியது. அலை கிடைத்தது. இன்னொரு அலை. விரல் நின்றது, திரும்பி வந்தது, மறுபடி போனது. வழவழவென்று செம்பு. இடப்பக்கம் தேடினான். வலப்பக்கம் தேடினான். நெற்றியில் வேர்த்தது.

"இங்கதாம்மா. இங்கதான் வெட்டுனேன்."

"மெதுவா. அவசரம் இல்லை."

"கிடைக்கல."

கண்ணைத் திறந்தான். அவன் விரல் சங்கனின் மேல்தான் இருந்தது. விரல்நுனிக்கு அடியில், ஒரு புள்ளியும் இரண்டு சின்னக் கீறல்களும்.

அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பிறகு அவன் வெடித்தான். "நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க! முதல் மாசம், இதே பலகையில. கப்பல்ல, கரையில, எங்க மனுஷன் வந்தாலும் தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு ஒரு கீறல், கைக்கு ஒரு கீறல். மூணுக்கு மேல போனா கப்பல் கெட்டுரும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

"எனக்கு அந்தப் பறங்கி சொன்னான். நான் உங்களுக்குச் சொன்னேன். ஏன் மூணுன்னு அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை." அவள் கீழே பார்த்தாள். "கேக்காதது மட்டுமா? போன ஆடியில நீங்க அந்தக் கயிறுகளை வெட்டி முடிச்சதும் 'பலே அண்ணாச்சி'ன்னு சொன்னேன். என் வாயிலிருந்துதான் அந்த முதல் 'ஆகா' வந்தது. சுங்கச்சாவடியில இல்லை."

குமரையா அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றதுபோல் ஆனது.

"செங்கமலம் வீட்டுக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள்.

"எங்கம்மா நேரம்? தகடு முடியட்டும்னு..."

"பதினோரு மாசமா?"

அவன் விரல்நுனி மைக்கறையைத் தேய்த்தான்.

உலகுடையாள் மாடத்திலிருந்து சுரண்டியை எடுத்தாள். வெட்டிய கோட்டை வழித்து எடுக்கிற முப்பட்டைக் கத்தி. தகட்டின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா செய்றீங்க?"

"கப்பித்தான் ஒரு திருத்தம் கேட்டிருக்காருல்லா? கப்பல், வள்ளம், ரெண்டுல ஒண்ணை எடுக்கணும்னு. எடுக்கிறேன்."

சுரண்டியின் முனையைச் சிங்கத்தின் பிடரியில் வைத்தாள்.

"ஐயோ, கப்பலைத் தொடாதீங்க!"

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். நாலு வருஷத்தில் ஒருநாளும் அவன் அவளைத் தொட்டதில்லை. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

தான் என்ன கத்தினோம் என்பது அவன் காதுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது. சங்கனைத் துரும்பு என்று சொன்னபோதுகூட இந்தக் குரல் வரவில்லை. துபாசியை இப்படிப் பாய்ந்து பிடிக்கவில்லை.

கையை எடுத்தான். தன் கையையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வலிக்குதும்மா," என்றான். "பதினோரு மாசம்."

"வலிக்கும்."

"இது என்ன மாதிரி வலி? நான் அதை வெறுக்கிறேன். என் குலதெய்வத்து மேல ஆணையா வெறுக்கிறேன்."

"ராத்திரி பகலா அது கூடத்தானே இருந்தீங்க? அதுல ஒரு மயிரு விடாம உங்களுக்குத் தெரியும். வெறுப்பும் குடித்தனம்தான் அண்ணாச்சி."

வெளியே யாரோ மீன் விலை கூவிக்கொண்டு போனார்கள்.

"சங்கன் எப்படி இருப்பாரு?" என்றாள்.

"எப்படின்னா?"

"நான் அவரைப் பார்த்ததில்லை. சொல்லுங்க."

"உயரம்... என்னைவிட ஒரு பிடி கூட. கறுப்பு." நிறுத்தினான். "எல்லாரும் அப்படித்தானே. இருங்க, சொல்றேன். முன்பல்லு ஒண்ணு பாதி கிடையாது. சின்னப் பிள்ளையில நங்கூரக் கயித்தைப் பல்லால அவுக்கப் போயி உடைஞ்சது. அதனால சிரிச்சா வாயைக் கையால மறைப்பான். கல்யாணத்தன்னிக்கும் மறைச்சான். செங்கமலம் கையைத் தட்டிவிட்டா. அதுக்கப்புறம் மறைக்கிறதில்லை." அவன் குரல் வேகம் பிடித்தது. "இடது காது மடிஞ்சிருக்கும். படுக்கிறப்ப காதை மடிச்சுக்கிட்டுத்தான் படுப்பான், அதனாலயா என்னவோ. தண்ணிக்குள்ள போறப்போ... அன்னிக்குத் தண்ணிக்குள்ள போறப்போ என்னைப் பார்த்தாம்மா. 'அண்ணே, அமரத்தைப் பிடி'ன்னான். நான் பிழைக்கிறதுக்கு. என்கிட்டத்தான் சொன்னான். அவன் வாய் திறந்திருந்தது. அந்தப் பாதிப் பல்லு தெரிஞ்சது."

அமரம் என்பது வள்ளத்தின் பின்பக்கம். குமரையா பிழைத்தது அந்த உடைந்த துண்டைப் பிடித்துத்தான். இதை அவன் நாலு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

"இதெல்லாம் தகட்டுல எங்க இருக்கு?" என்றாள் உலகுடையாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சுரண்டியை அவள் பலகையின் மேல், அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

அவன் அதை எடுக்கவில்லை. "திங்கட்கிழமை ஆள் வருமே?"

"தகடு தேய்ஞ்சுபோச்சுன்னு சொல்லுவோம். வர்றதுக்குள்ள தேய்ஞ்சிருந்தா பொய்யும் இல்லை."

சிரிப்பு வரும்போல இருந்தது அவனுக்கு. வரவில்லை. பழைய கோபம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது.

"நீங்க சொல்றது நியாயமில்லைம்மா. கப்பலை எடுத்துட்டா மிச்சம் என்ன? தண்ணி. தண்ணியில நாலு பேரு. புயல்ல செத்தான்னு சொல்லுவான். குடிச்சுட்டு விழுந்தான்னு சொல்லுவான். கப்பித்தானுக்கு அதுதானே வேணும்! அவன் துரும்பை எடுக்கச் சொல்றான், நீங்க அவன் கொலையையே எடுத்துக் குடுக்கிறீங்க. கப்பல் இல்லாம வெட்டுனா, இவங்களைக் கொன்னது யாருன்னு எப்படித் தெரியும்?"

உலகுடையாள் எழுந்து நின்றாள். புடவையில் படிந்த செம்புத் தூளைத் தட்டினாள்.

"கொன்னது யாருன்னு இந்தக் கரையில தெரியாத ஆள் உண்டா அண்ணாச்சி? செத்தது யாருன்னுதான் ஒருத்தருக்கும் தெரியலை."

குமரையா தகட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

நிழல் சுவரில் ஒரு சாண் நகர்ந்திருக்கும். அவன் சுரண்டியை எடுத்தான். முனையைச் சிங்கத்தின் பிடரியில் வைத்தான். முதல் செம்புச் சுருள் எழுந்து அவன் கட்டைவிரலில் ஒட்டியது.

அவள் கொல்லைக்குப் போனாள். தொட்டியில் மைத்துணிகள் பாதி துவைத்தபடி கிடந்தன. குந்தி உட்கார்ந்து, ஒன்றை எடுத்து, கறுப்புத் தண்ணீர் சொட்டப் பிழிந்தாள்.